பித்தளைக்குள் ஒரு நாதஸ்வரம்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவர்களின் காதில் இரண்டு ஊதல்கள் நிரந்தரமாகக் குடியிருக்கும். ஜூன் 13இல் கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளுக்கு வரும் பாண்ட் வாத்தியத்தின் டிரம்பெட் ஒன்று. கூப்பிடு தூரத்தில், பொன்னம்பலவாணேசர் கோயிலின் கருங்கல்லில் மோதித் திரும்பும் நாதஸ்வரம் மற்றது. டிரம்பெட்டில் சுரங்கள் படிக்கட்டு மாதிரி. ஏறி ஏறி நிற்கலாம், வழுக்கிப் போவது பெரும்பாடு. நாதஸ்வரத்துக்கோ அந்த வழுக்கலில்தான் உயிர். பித்தளை வாத்தியத்துக்கும் கமகம் எனும் அந்த வழுக்கலுக்கும் ஒத்துவராது என்றே நினைத்திருந்தேன், வெள்ளவத்தை காலி வீதிக் கடையொன்றில் சக்ஸபோன் கலைஞர் கத்ரி கோபால்நாத்தின் ஒலிநாடாவை வாங்கும்வரை.

சக்ஸபோன், பெல்ஜியக்காரரான அடோல்ஃப் சாக்ஸ் 1846இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற கருவி. நாதஸ்வரக்காரரின் விரல் துளையைத் தொட்டு, பாதி மூடி, பாதி திறந்து சுரத்தை இழைக்கும். சக்ஸபோனில் விரலுக்கும் துளைக்கும் நடுவே ஒரு மூடி. அது திறக்கும், அடைக்கும், அவ்வளவுதான். அப்படியானால் தோடி ராகத்தின் காந்தார சுரத்தை எதை வைத்து அசைப்பது? உதட்டை வைத்து. நாணல் பட்டையைக் கடித்தும் தளர்த்தியும் மூச்சை அளந்தும் கோபால்நாத் அதைச் செய்தார். கருவியையும் தன் தேவைக்குத் திருத்திக்கொண்டார்.

1949இல் தென்கன்னடத்தில் பிறந்தவர். தந்தை தனியப்பா நாதஸ்வர வித்துவான். மைசூர் அரண்மனை பாண்டில் சக்ஸபோனைக் கேட்டு மயங்கிய பையன், பிறகு மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும் சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடமும் பாடம் கேட்டார். பெற்றது பாண்ட் வாத்தியம், ஊதியது அப்பாவின் மூச்சு. பக்கத்தில் தவில் இருந்தால் அந்த மூச்சு இன்னும் துலங்கும்.

1994 அவருடைய ஆண்டு. 'டூயட்' படத்தில் ஏ. ஆர். ரஹ்மானுக்காக ஊதிய கல்யாண வசந்த ராகம் எல்லா வீட்டு வானொலியிலும் கேட்டது. அதே ஆண்டு லண்டன் ரோயல் அல்பேர்ட் மண்டபத்தில் பிபிசி புரொம்ஸ் மேடை. நியூயோர்க் சக்ஸபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவின் கதை இன்னும் ருசி: அண்ணன் வேடிக்கைக்காகக் கொடுத்த கோபால்நாத் இசைத்தட்டு அவரை ஆட்டிவைத்தது. 2008இல் இருவரும் 'கின்ஸ்மென்' தட்டில் சேர்ந்து வாசித்தார்கள். இருவர் கையிலும் ஆல்ட்டோதான். எவர் எவரென்று ஒரு பிடியிலேயே பிடிபடும்.

குறை இல்லாமலில்லை. துரித காலச் சுரங்களில் கைதட்டலுக்காக அவர் ஓடுவதுண்டு; அங்கே எனக்குப் படிக்கட்டுச் சத்தம் கேட்கும். ஆலாபனையில் அந்தக் குறை இல்லை.

2019 ஒக்டோபர் 11இல் மங்களூரில் காலமானார். புதிதாகக் கேட்பவர்கள் சினிமாவையும் கூட்டிசையையும் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஓர் ஆலாபனை, கண்ணை மூடிக்கொண்டு.