சொல் கேளாத கப்பல்கள்

1782 ஜூலை 6. நாகப்பட்டினத்துக்கு அப்பால் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் பக்கத்துக்கு 11 கப்பல்களோடு மோதினார்கள். நடுப்பகல் தாண்டியதும் காற்று சட்டென்று திசைமாற, இரண்டு வரிசைகளும் குலைந்தன. அந்தக் குழப்பத்தில் செவேர் என்ற பிரெஞ்சுக் கப்பலின் கேப்டன் கொடியை இறக்கச் சொன்னார். அவருக்குக் கீழிருந்த அதிகாரிகளோ சரணடைய மறுத்துத் தொடர்ந்து சுட்டார்கள். பாய்மரக் காலப் போரை மேசைமேல் ஆட விதி எழுதுகிறவர்களுக்கு இந்தப் பிற்பகலைவிடக் கடுமையான பரீட்சை இல்லை.

பீரங்கிக் கணக்கில் யாரும் பெரிதாகத் தவறுவதில்லை. தூரம், பீரங்கிகளின் எண்ணிக்கை, பகடை. எதிரியின் பின்புறத்திலிருந்து நீளவாக்கில் சுட்டால் கூடுதல் சேதம். காற்றும் ஓரளவு அடங்கிவிடும்: குறுக்குப் பாய் கட்டிய கப்பல் காற்று வரும் திசைக்குச் சுமார் 67 பாகைக்குள் நெருங்கி ஓடாது என்பதைக் கட்டங்களிலோ அளவுகோலிலோ காட்டிவிடலாம். அடங்காதது மேலிருந்து பார்க்கும் ஆட்டக்காரரின் கண். புகைமூட்டத்தில் நின்ற எந்தத் தளபதிக்கும் அந்தப் பார்வை வாய்க்கவில்லை. மாதிரிக் கப்பல்களை மேசையில் நகர்த்திப் போர்த்தந்திரம் வகுத்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் கிளெர்க்கின் நூல் முதலில் அச்சானதும் அதே 1782-இல்தான். அவர் மாலுமியே அல்ல!

1972-இல் வந்த 'டோன்ட் கிவ் அப் தி ஷிப்' விதிநூலை எழுதிய மூவரில் ஆர்னெசனும் கைகாக்ஸும் இரண்டே ஆண்டில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' கொண்டுவந்து வேறு வகையில் புகழ்பெற்றார்கள். இத்துறையில் நிலைத்த பெயர் கிரெய்க் டெய்லரின் 'வுடன் ஷிப்ஸ் அண்ட் அயர்ன் மென்' (1974). அறுகோணக் கட்டங்கள்; இருவரும் நகர்வை ரகசியமாக எழுதி ஒரே நேரத்தில் நிறைவேற்ற வேண்டும். எதிரி எங்கே திரும்புவான் என்று ஊகிக்கும் படபடப்பு இரண்டு கப்பல் சண்டையில் அபாரம். 11 கப்பல்களை ஒரே மூளை ஓட்டும்போது அது வெளிறிவிடுகிறது.

மார்க் கேம்பெலின் 'குளோஸ் ஆக்ஷன்' (1997) இந்த முடிச்சைத்தான் அவிழ்த்தது. பலர் சேர்ந்து ஆடுகிறார்கள், ஆனால் அணிக்குள் பேசக் கூடாது. சைகையும் துண்டுச் சீட்டும்தான். 1782 செப்டம்பர் 3-இல் திருகோணமலைக்கு அப்பால் சுஃப்ரேனின் கப்பல்கள் பல தள்ளி நின்றே சுட்டன. அவருடைய கொடிக்கப்பல் கிட்டத்தட்டத் தனியாக மாட்டிக்கொண்டது. அப்படியொரு நிலைமை இந்த ஆட்டத்தில் பகடையே இல்லாமல், மனிதர்களின் தயக்கத்தாலேயே உருவாகிவிடும். என் கணக்கில் இத்துறையின் உச்சம் இதுதான். குறை, ஒரு நாள் முழுக்க உட்காரத் தயாரான ஒரு கூட்டம் வேண்டும்.

ஆள் சேராதவர்களுக்கு 'கிஸ் மீ, ஹார்டி' இருக்கிறது. எந்தப் பிரிவு எப்போது நகரும் என்பதைச் சீட்டுக்கட்டு தீர்மானிப்பதால் ஒற்றை ஆட்டக்காரரின் கையும் கொஞ்சம் கட்டப்படுகிறது. 'சேல்ஸ் ஆஃப் குளோரி' (2013) நகர்வை அட்டைகளில் அச்சிட்டுக் கொடுத்துப் புதியவர்களை இழுத்தது. 2019-இன் 'பிளாக் சீஸ்' 1:700 அளவிலான அழகான கப்பல்களை விற்கிறது. அதை வாங்குகிறவர்கள் பாய்க்கு வண்ணம் பூசவும் கயிறு கட்டவுமே வாங்குகிறார்கள் என்பது என் சந்தேகம்.