பம்பில் எழுதாத எண்

தமிழ்நாட்டுப் பெட்ரோல் பங்க்குகளில் டேங்க் மூடியைத் திறந்ததும் வரும் முதல் கேள்வி, "நார்மலாண்ணா, ப்ரீமியமா?" என்பதுதான். யோசிக்க நேரமில்லை, பின்னால் வரிசை நிற்கிறது. புது வண்டி எடுத்தவர் ப்ரீமியம் என்கிறார். புல்லட்காரர் கேட்பதற்கு முன்பே ப்ரீமியம் என்கிறார். நூறு சிசி வண்டியில் வேலைக்குப் போகிறவர்கூட, சம்பளம் வந்த வாரத்தில் ஒரு தடவையாவது வண்டிக்கு 'நல்ல பெட்ரோல்' ஊற்ற ஆசைப்படுகிறார். லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் கூடுதல் என்றாலும், அது வண்டியைக் கவனித்துக்கொள்வதன் ஒரு பகுதி என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதில் உண்மையும் இருக்கிறது, வீண் செலவும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் இன்ஜினுக்குள்ளிருந்து தொடங்க வேண்டும்.

பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை பிஸ்டன் அழுத்துகிறது. உரிய நேரத்தில் ஸ்பார்க் பிளக் பொறி தட்டுகிறது. தீ ஓர் அலையாகப் பரவி பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அழுத்தமும் சூடும் அளவுக்கு மீறினால், அந்த அலை வந்து சேருமுன்பே மூலையில் இருக்கும் கலவை தானாகவே பற்றி வெடிக்கிறது. மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பது இதைத்தான். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல ஒரு சத்தம் வரும். தொடர்ந்து நடந்தால் பிஸ்டன் தலை அரிக்கும், ரிங் உடையும். இந்தத் தானெரிதலை ஒரு பெட்ரோல் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கான அளவுதான் ஆக்டேன். தாங்கவே தாங்காத ஹெப்டேனுக்கு 0, நன்றாகத் தாங்கும் ஐசோ ஆக்டேனுக்கு 100 என்று வைத்து 1920-களில் அமெரிக்காவில் உருவான அளவுகோல் இது. எரிபொருளில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பதை இந்த எண் சொல்வதில்லை. எவ்வளவு சுத்தமானது என்பதையும் சொல்வதில்லை.

ஆகவே ஆக்டேன் எவ்வளவு வேண்டும் என்பதை முடிவு செய்ய வேண்டியது இன்ஜின். அதற்கு முதல் அடையாளம் கம்ப்ரஷன் விகிதம், அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அழுத்திச் சுருக்குகிறது என்பது. 1955 முதல் சென்னையில் தயாரான பழைய வார்ப்பிரும்பு புல்லட்களில் இந்த விகிதம் 5.5-க்கும் 6.5-க்கும் இடையில்தான் இருந்தது. அன்று கிடைத்த மட்டமான பெட்ரோலையும் அலட்டிக்கொள்ளாமல் குடித்த வண்டிகள் அவை. இன்றைய கிளாசிக் 350-இல் அது 9.5. பிஎஸ்-6 மாசுக் கட்டுப்பாட்டு விதிக்கேற்ற ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸில் 9.9. யமஹா ஆர்15-இல் 11.6. கேடிஎம் 390 வரிசையில் 12-ஐத் தாண்டுகிறது. கனமான புல்லட்டுக்குத்தான் உசத்தியான பெட்ரோல் வேண்டும் என்ற பொதுப் புத்திக்கு இந்தப் பட்டியல் நேர் எதிராக நிற்கிறது. ஊரிலேயே ப்ரீமியத்தை விரும்பி ஊற்றுகிறவர்களிடம் இருக்கும் வண்டிதான், அதைக் குறைவாகக் கேட்கும் வண்டிகளில் ஒன்று.

கம்ப்ரஷன் ஒன்றே கணக்கு என்றும் சொல்லிவிட முடியாது. கவாஸாகி நிஞ்ஜா எச்2-வின் விகிதம் வெறும் 8.5. ஆனால் அதில் சூப்பர்சார்ஜர் காற்றைத் திணித்து உள்ளே அனுப்புவதால், சிலிண்டருக்குள் உண்மையில் உருவாகும் அழுத்தம் மிக அதிகம். உயர் ஆக்டேன் இல்லாமல் அது ஓடக் கூடாது. எரியறையின் வடிவம், தண்ணீரால் குளிர்கிறதா காற்றாலா, இக்னிஷன் டைமிங் எப்படி என எல்லாம் சேர்ந்துதான் தேவையை முடிவு செய்கின்றன. அத்தனையையும் கணக்கில் எடுத்து, சோதித்து, தயாரிப்பாளர் எழுதிய ஒரே ஒரு வரி ஓனர்ஸ் மேனுவலில் இருக்கிறது. வண்டியை டெலிவரி எடுத்த அன்று சீட்டுக்கு அடியில் போனதோடு பலர் அந்தப் புத்தகத்தைத் திறந்ததே இல்லை.

மேனுவல் 91 போதும் என்கிற வண்டியில் 95 ஊற்றினால் என்ன கிடைக்கும்? கார்கள் பலவற்றில் நாக் சென்சார் உண்டு. நல்ல பெட்ரோல் வந்ததை உணர்ந்து டைமிங்கை முன்னே நகர்த்திக் கொஞ்சம் கூடுதல் சக்தியை எடுக்கும். நம் சாலைகளில் ஓடும் சாதாரண பைக்குகளில் பெரும்பாலானவற்றில் அந்த வசதி இல்லை. ஆக்டேன் கூடியதை அவை அறிவதே இல்லை. அதே டைமிங், அதே வேகம், அதே மைலேஜ். தினமும் 40 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 50 கொடுக்கும் வண்டிக்கு மாதம் 24 லிட்டர் ஆகும். லிட்டருக்கு எட்டு ரூபாய் வீதம் வருடத்துக்கு 2,300 ரூபாய் கூடுதல். அந்தப் பணத்தில் வருடம் முழுவதற்குமான இன்ஜின் ஆயிலை வாங்கிவிடலாம். ஏர் ஃபில்டரையும் பிளக்கையும் சேர்த்தே மாற்றலாம். நூறு சிசி வண்டிக்கு உண்மையிலேயே ஆயுள் கூட்டுகிறவை இவைதான்.

பிக்கப் கூடியதுபோல் தெரிகிறதே என்பவர்கள் பொய் சொல்லவில்லை. இதில் இன்னொரு குழப்பம் கலந்திருக்கிறது. ப்ரீமியம் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்குகள் விற்கப்படுகின்றன. ஒன்று, ஆக்டேன் கூட்டிய பெட்ரோல்: இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி 95, எக்ஸ்பி 100 போன்றவை. மற்றொன்று, சாதாரண ஆக்டேனிலேயே அழுக்கு நீக்கும் ரசாயனம் சேர்த்தது. பாரத் பெட்ரோலியம் 2000-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த 'ஸ்பீடு' அப்படிப்பட்டது. 97 ஆக்டேன் வேண்டுமானால் அதற்கு 'ஸ்பீடு 97' என்று தனிச் சரக்கு. இன்ஜெக்டரிலும் இன்டேக் வால்விலும் படிவு சேர்ந்த வண்டியில் அழுக்கு நீக்கும் ரசாயனம் வேலை செய்யக்கூடும்; ஓட்டம் சீராகக்கூடும். அந்தப் பலன் ஆக்டேனின் கணக்கில் எழுதப்படுகிறது. வேகம், சக்தி என்று பெயர் வைத்து விற்கும்போது எந்தக் குணத்துக்காகக் கூடுதல் காசு வாங்கப்படுகிறது என்பது மறைந்துபோகிறது. இந்தப் பழக்கத்தில் உள்ள பெரிய கோளாறு இதுதான். ஏமாறுவதாக ஓட்டுநரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. தகவல் அவருக்குத் தரப்படவே இல்லை.

அதற்காக உயர் ஆக்டேனை வெறும் பகட்டு என்று ஒதுக்குவதும் தவறு. சித்திரை வெயிலில், பின்னால் ஆளும் பையும் ஏற்றிக்கொண்டு, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறும் உயர் கம்ப்ரஷன் வண்டிக்கு அது உண்மையான பாதுகாப்பு. பல வருடம் ஓடி எரியறையில் கரி படிந்த இன்ஜினுக்கும் அப்படியே. கரி இடத்தை அடைத்து அழுத்தத்தைக் கூட்டும், கனன்று பொறியாகவும் மாறும். சத்தம் கேட்கிற வண்டிக்கு 95 ஊற்றி, சத்தம் நின்றால், அந்தக் காசு வீணில்லை. மேனுவலில் 95 என்று போட்டிருக்கும் வெளிநாட்டு சூப்பர்பைக்குகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கே ப்ரீமியம் விருப்பமல்ல, கட்டாயம்.

ஆனாலும் மலையேற்றத்தில் நாக்கிங் வந்தால் முதல் மருந்து கியரில் இருக்கிறது. குறைந்த ஆர்பிஎம்மில் ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகும்போதுதான் கலவை நீண்ட நேரம் அழுத்தத்தில் வேகிறது. மூன்றாவதில் இழுக்காமல் இரண்டாவதுக்கு இறக்கினாலே பல வண்டிகளில் சத்தம் அடங்கிவிடும். லடாக் போகிறவர்கள் பையில் ஆக்டேன் பூஸ்டர் பாட்டில் வைத்துக்கொள்வது இன்னொரு வீண் சுமை. உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் சிலிண்டர் அழுத்தமும் குறைவு. ஆக்டேன் தேவை அங்கே குறைகிறதே தவிரக் கூடுவதில்லை. அமெரிக்காவின் ராக்கி மலை மாநிலங்களில் சமவெளியைவிடக் குறைந்த ஆக்டேன் பெட்ரோல் விற்கப்படுவது இந்தக் காரணத்தால்தான்.

எதிர்த் தரப்பிலும் கட்டுக்கதை உண்டு. சின்ன வண்டியில் அதிக ஆக்டேன் ஊற்றினால் மெதுவாக எரிந்து வால்வைக் கெடுத்துவிடும் என்று சில பட்டறைகளில் சொல்வார்கள். தானெரிதலைத் தாங்கும் திறன் வேறு, தீ பரவும் வேகம் வேறு. அதிக ஆக்டேனால் கெடுவது பர்ஸ் மட்டும்தான்.

கடந்த சில ஆண்டுகளில் இந்த வாதத்தின் அடித்தளமே மாறிவிட்டது. முன்பு 88 ஆக இருந்த சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் பின்னர் 91 ஆனது. 2025-இல் நாடு 20 சதவீத எத்தனால் கலப்பை எட்டியது. எத்தனாலின் ஆக்டேன் சுமார் 108.5 என்றும், இ20 எனப்படும் இந்த 20 சதவீதக் கலவை 95-ஐ எட்டுகிறது என்றும் அந்த ஆண்டு ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் விளக்கம் கொடுத்தது. அந்தக் கணக்குப்படி பார்த்தால், 95-க்காகத் தனியே காசு கொடுக்க வேண்டிய காரணம் பெரும்பாலும் கரைந்துவிட்டது.

கூடவே வேறு கவலை வந்திருக்கிறது. எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10-க்குச் சரிசெய்த இருசக்கர வண்டிகளில், இ20 ஊற்றினால் 3 முதல் 4 சதவீதம் எரிபொருள் திறன் குறையும் என்று நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையே சொல்லியிருந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி மழையில் வாரக்கணக்கில் நின்றுவிட்ட கார்புரேட்டர் வண்டியின் டேங்கில் தண்ணீர் சேர்ந்தால், எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் இறங்கும். மேலே மிஞ்சும் பெட்ரோலின் ஆக்டேனும் குறைந்துவிடும். பழைய ஆர்எக்ஸ் 100-ஐப் பொத்திப் பாதுகாப்பவர்கள் இன்று எக்ஸ்பி 100-ஐத் தேடிப் போவது பெரும்பாலும் ஆக்டேனுக்காக அல்ல, எத்தனாலைத் தவிர்க்கத்தான். அந்த டூ ஸ்ட்ரோக்கின் கம்ப்ரஷன் 6.7. அதற்கு 100 ஆக்டேன் எந்த விதத்திலும் தேவையில்லை. லிட்டருக்கு 150 ரூபாய்க்கு மேல் கொடுத்து அவர்கள் வாங்குவது, ஒரு காலத்தில் எல்லா பங்க்கிலும் கிடைத்த ஒரு சாதாரண குணத்தை. பழைய வண்டிகளுக்கென்று எத்தனால் குறைந்த பெட்ரோலைத் தனியே விற்காமல் விட்டதன் விலையை அவர்கள்தான் கட்டுகிறார்கள்.

இலங்கையில் யாழ்ப்பாணத்துக்காரர் பெட்ரோல் செட்டில் எண்ணைச் சொல்லித்தான் கேட்கிறார்: 92 அல்லது 95. விலை அறிவிப்பும் ஒக்டேன் எண்ணோடுதான் வருகிறது. 95-ஐ அதிக மதிப்பெண் என்று நினைப்பவர்கள் அங்கும் இருக்கலாம். ஆனாலும் மேனுவலில் உள்ள எண்ணைப் பம்பில் உள்ள எண்ணோடு ஒப்பிட அங்கே வழி இருக்கிறது. இந்தியாவில் சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் என்ன என்று கேட்டால் பங்க் ஊழியருக்கே தெரியாத இடங்கள்தான் அதிகம்.

நம் பம்புகளிலும் எண்ணை எழுத வேண்டும்; எழுதும்போது அது எந்த முறையில் அளந்த எண் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். இந்தியாவும் இலங்கையும் ஐரோப்பாவும் பயன்படுத்துவது ஆர்ஓஎன் எண். அமெரிக்கப் பம்புகளில் இருப்பது ஆர்ஓஎன் எண்ணுக்கும், அதைவிடக் கடுமையான சோதனையில் அளக்கும் எம்ஓஎன் எண்ணுக்கும் சராசரி. அது நாலைந்து புள்ளி குறைவாக இருக்கும். அமெரிக்கக் காணொளியில் ஹார்லிக்கு '91' என்று கேட்டுவிட்டு இங்கே 91 போதும் என்று முடிவு செய்கிறவர், உண்மையில் தன் வண்டிக்குத் தர வேண்டியது ஆர்ஓஎன் 95.