எட்டு போட்டால் போதுமா?

பிளஸ் டூ முடித்த பையனுக்கு அப்பாவின் ஸ்ப்ளெண்டர் பிடிப்பதில்லை. முதல் பைக்கே ‘கெத்தா’ இருக்கணும். அப்பாவும் லோன் போட்டு வாங்கித் தந்துவிடுகிறார்.

கொஞ்சம் கணக்கு பார்ப்போம். ஸ்ப்ளெண்டரின் 97 சிசி இன்ஜினுக்குச் சுமார் 8 குதிரைத்திறன். 2013-ல் இந்தியாவுக்கு வந்த டியூக் 390-க்கு 43. ஐந்து மடங்கு! ஓட்டுகிறவரின் அனுபவம் மட்டும் பூஜ்யம். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கிற தூரம் நான்கு மடங்கு. பதற்றத்தில் ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் சின்ன பைக் உறுமும். பெரிய பைக் பாய்ந்துவிடும்.

நம் லைசென்ஸோ ‘கியர் உண்டா, இல்லையா?’ என்று மட்டும்தான் கேட்கிறது. நூறு சிசியில் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கியவர் மறுநாளே 1,340 சிசி ஹயபுசாவில் ஏறலாம். சட்டப்படி தப்பே இல்லை!

இங்கிலாந்தில் இந்தக் கதை நடக்காது. அங்கே 17 வயதில் 125 சிசி வரைதான். டியூக் 390 ஓட்ட 19 ஆகணும், அதற்குத் தனி டெஸ்ட். நேரடியாக ஹயபுசாதான் வேண்டுமென்றால் 24 வரை காத்திருக்கணும்.

நம் அரசாங்கத்துக்கு சிசி கணக்கு தெரியாமல் இல்லை. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி.யை 350 சிசி வரை 18 சதவிகிதம், அதற்கு மேல் 40 என்று பிரித்தார்களே! வரி போடத் தெரிந்த வித்தியாசம், லைசென்ஸ் கொடுக்கும்போது மறந்துபோகிறதா?

சட்டம் மாறுகிறபோது மாறட்டும். அதுவரை அப்பாக்களே, முதல் இரண்டு வருஷம் ஸ்ப்ளெண்டர் சாவியையே கொடுங்கள். பையன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். பரவாயில்லை. அந்த மூஞ்சி முழுசாக வீடு திரும்பணும், அவ்வளவுதான்.