வாடாத பூவுக்கு எந்த மணம்?

செயற்கைப் பூவைப் பார்த்ததும் நம்மவர்கள் சொல்லும் முதல் குறை, "அழகாத்தான் இருக்கு, ஆனா வாசம் இல்லையே" என்பதுதான். அந்தக் குறையைப் போக்கப் பல வழிகள் வந்துவிட்டன. துணிப்பூவின் மேல் அடிக்கும் ஸ்பிரே, தண்டின் அடியில் சொட்டுவிடும் தைலம், வார்க்கும்போதே பிளாஸ்டிக்கில் கலந்துவிடும் நறுமணம், இதழில் பூசிவைத்துத் தேய்க்கும்போது உடைந்து மணக்கும் நுண்ணுறைகள் என்று வீட்டுக் கைப்பக்குவம் முதல் ஆலைத் தொழில்நுட்பம் வரை இது விரிந்திருக்கிறது. வரவேற்பறை, கல்யாண மேடை, ஓட்டல் முகப்பு, பூஜை அறை, நாட்டியக்காரரின் கொண்டை என்று செயற்கைப் பூ புகுந்த இடங்களிலெல்லாம் இந்த மணமும் பின்னாலேயே வருகிறது.

செயற்கை என்பதாலேயே இதை ஒதுக்குவது நியாயமல்ல. வசதி என்பதாலேயே ஏற்றுக்கொள்வதும் நியாயமல்ல. சேர்க்கும் மணம் அந்தப் பொருளில் நிற்கிறதா, அதனால் யாருக்கு நன்மை, யாருக்குத் தீங்கு, அசல் பூவையும் அதை நம்பி வாழ்பவர்களையும் அது எப்படித் தொடுகிறது என்று பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். அப்படிப் பார்த்ததில் நான் வந்து சேர்ந்த கருத்து இது: வாடாத பூவுக்கு மணம் ஊட்டுவதில் தவறில்லை. வாடும் பூவின் மணத்தை அதற்கு ஊட்டப் போகும்போதுதான் தவறு தொடங்குகிறது.

பழைய ஆசை

இந்த ஆசைக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு வயது. கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானிய அறிஞர் பிளினி தம் 'இயற்கை வரலாறு' நூலில் மாலைகளைப் பற்றி எழுதும்போது, இந்தியாவிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் தருவிக்கப்பட்ட மாலைகளைக் குறிப்பிடுகிறார். சடாமாஞ்சில் இலையால் ஆனவையும், பல வண்ணப் பட்டால் செய்து வாசனைத் தைலத்தில் ஊறவைத்தவையும் மிக உயர்ந்தவையாக மதிக்கப்பட்டன. பெண்களின் ஆடம்பரம் கடைசியாக வந்து நிற்கும் இடம் இது என்று அவர் கண்டிக்கவும் செய்கிறார். கண்டிப்பை விடுவோம், கவனிக்க வேண்டியது வேறு. அங்கே பட்டில் ஊறியது தைலத்தின் மணம். எந்தப் பூவின் மணமாகவும் அது நடித்ததாக அவர் சொல்லவில்லை. இன்றைய ஸ்பிரேயோ மல்லிகை, ரோஜா, தாழம்பூ என்று பெயர் சூட்டிக்கொண்டு வருகிறது. அப்படிப் பெயர் சொல்லி வருவதை அந்தப் பெயருக்குரிய பூவோடு ஒப்பிட்டுத்தானே எடைபோட முடியும்?

மல்லிகைக்குப் பொழுது உண்டு

மல்லிகையையே எடுத்துக்கொள்வோம். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை விடியலை ஒட்டி மொட்டாகவே பறிக்கிறார்கள். அந்த இறுகிய மொட்டில் மணம் இல்லை என்றே சொல்லலாம். மாலையில் கட்டு நெகிழ்ந்து விரியத் தொடங்கும்போதுதான் மணம் எழுகிறது. இரவில் அது உச்சத்துக்குப் போகிறது. மறுநாள் காலை இதழ் பழுப்பேறும்போது அதன் குணமே மாறிவிடுகிறது. செடியை விட்டுப் பிரிந்த பிறகும் மல்லிகைக் குடும்பத்துப் பூ மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். பிரான்சின் கிராஸ் நகரத்து வாசனைத் தொழிலாளர்கள் பூக்களைக் கொழுப்புப் பூசிய கண்ணாடித் தட்டில் ஒரு நாள் முழுதும் பரப்பிவைத்து மணத்தைச் சேகரித்தது இந்த இயல்பை நம்பித்தான். ஆக, நாம் தலையில் சூடும் சரம் மணத்தைச் சுமந்து நிற்பதோடு முடிவதில்லை. மணத்தைச் செய்துகொண்டும் இருக்கிறது.

செயற்கைப் பூவால் இதைச் செய்ய முடியாது. அதன் மேல் ஏற்றிய மணம் ஏற்றிய நொடியிலிருந்து குறைய மட்டுமே முடியும். எது முதலில் குறைகிறது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. 1899-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மானிய வேதியியலாளர் ஆல்பர்ட் ஹெஸ்ஸே மல்லிகைத் தைலத்தை ஆராய்ந்து பென்சைல் அசிடேட், லினலூல், இண்டோல் முதலான பொருள்களை இனங்கண்டார். முதல் இரண்டும் இலகுவானவை. காற்றில் விரைந்து பறப்பவை. இருட்டில் அந்துப்பூச்சியைத் தேடிப் போக வேண்டிய மணம் பறக்காமல் எப்படி? துணியிலும் பிளாஸ்டிக்கிலும் ஏற்றினாலும் அவை அப்படியேதான் பறக்கும். வழவழப்பான பாலியெஸ்டர் இதழ் அவற்றைப் பிடித்துவைக்காது. மணம் நீடிக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் கனமான கஸ்தூரி வகை வேதிப்பொருள்களைக் கூட்டுகிறார்கள். மேலே இருந்த மல்லிகைச் சாயல் சீக்கிரமே போய்விட, அடியில் கிடந்த கஸ்தூரி மட்டும் நாள்கணக்கில் நிற்கிறது. பார்வைக்கு மல்லிகை, மூக்குக்கு வேறு ஏதோ ஒன்று என்ற நிலை இப்படித்தான் வருகிறது.

இண்டோல் தனியே ஒரு பாடம். மிகச் சிறிய அளவில் இருந்துகொண்டு மல்லிகைக்கு அந்தக் கிறக்கத்தைத் தருவது அது. செறிவாக முகர்ந்தால் துர்நாற்றம். மலிவான கலவைகள் இந்த நிழலை நீக்கிவிட்டு இனிப்பை மட்டும் வைத்துக்கொள்வதால் அவை சோப்பு மணம் போல முடிகின்றன. மல்லிகையிடம் நமக்கு மயக்கம் தருவதில் பாதி அந்த இருண்ட பகுதியில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சுத்தம், மல்லிகை அல்ல.

இதன் பக்கத்து நியாயங்கள்

இவ்வளவு சொன்ன பிறகும் இந்தப் பழக்கத்தின் பக்கம் வலுவான நியாயங்கள் இருக்கின்றன. முதலாவது விலை. மார்கழி, தை பனியில் விளைச்சல் குறைந்து, பொங்கலும் முகூர்த்தமும் சேர்ந்து வரும்போது மல்லிகை கிலோவுக்கு ஆயிரக்கணக்கில் ஏறுகிறது. அந்த நாள்களில் ஒரு முழம் வாங்கவே யோசிக்கும் வீடுகள் உண்டு. டொராண்டோவிலோ லண்டனிலோ பனிக்காலத்தில் அரங்கேற்றம் வைக்கும் குடும்பத்துக்கு நல்ல சரம் கிடைப்பதே பாடு. அங்கே துணிச்சரத்தைச் சூடி ஆடும் பெண், கொஞ்சம் மணமும் இருக்கட்டும் என்று நினைப்பதில் என்ன பிழை?

இரண்டாவது, மணத்துக்கும் நினைவுக்கும் உள்ள நெருக்கம். மற்றப் புலன்களின் செய்திகள் மூளையில் தலாமஸ் என்னும் இடைநிலையத்தைக் கடந்து போகின்றன. மணம் பெரும்பாலும் அதைச் சுற்றிக்கொண்டு, உணர்ச்சியும் நினைவும் உருவாகும் பகுதிகளுக்கு நேராகப் போய்ச் சேர்கிறது. அம்மாவின் படத்துக்கு முன் மணமுள்ள பூ இருக்க வேண்டும் என்று விரும்புகிறவருக்கு அது அலங்காரம் மட்டுமல்ல. பார்வையற்றவருக்கோ, மணமில்லாத செயற்கைப் பூ வெறும் துணியாகத்தான் கையில் தட்டுப்படும். மணம் சேரும்போதே அது அவருக்குப் பூவாக நெருங்கி வருகிறது.

மூன்றாவது, ஆய்வுக்கூடத்தில் பிறந்த மணம் என்றாலே தாழ்ந்தது என்ற எண்ணம் தவறு. மல்லிகை மணத்தைப் பற்றிய ஆராய்ச்சியில் பிறந்த ஹெடியோன் என்ற சேர்மம், 1966-ல் வெளிவந்த 'ஓ சவாஜ்' வாசனைத் திரவியத்தில் வாசனைக் கலைஞர் எட்மோன் ருத்னித்ஸ்காவின் கையில் புதிய அழகாக மாறியது. அவர் மல்லிகையை நகலெடுக்கவில்லை. மல்லிகையிடம் கற்றுக்கொண்டு வேறொன்றைப் படைத்தார். செயற்கையிலும் மேன்மை உண்டு என்பதற்கு அது சான்று. நகலுக்கும் படைப்புக்கும் உள்ள தூரத்தையும் அதே சான்றில் பார்க்கலாம்.

யாருடைய மூக்கு?

தீமைகளில் முதலிடம் நான் தருவது மூக்கின் இயல்புக்கு. ஒரே மணத்தில் தொடர்ந்து இருந்தால் சில நிமிடங்களிலேயே மூக்கு அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். வீட்டில் இருப்பவருக்கு மணம் போய்விட்டதாகத் தோன்றும், மறுபடி அடிப்பார். வாசலில் நுழையும் விருந்தாளிக்கோ தலை கனக்கும். உண்மையான பூ தானாகவே வாடி இந்தத் தொல்லைக்கு எல்லை வைத்துவிடுகிறது. செயற்கைப் பூவில் அந்த எல்லையை மனிதர்தான் வைக்க வேண்டும். ஆனால் வைக்க வேண்டிய மூக்கோ மரத்துப்போயிருக்கிறது.

ஆஸ்துமாவும் ஒற்றைத் தலைவலியும் உள்ள பலருக்கு வாசனைப் பொருள்கள் நோயைக் கிளறிவிடும். மகரந்தமும் கடும் மணமும் இல்லை என்பதற்காகவே சில வீடுகளும் மருத்துவமனைகளும் செயற்கைப் பூவைத் தேர்ந்தெடுக்கின்றன. அதன் மேல் ஸ்பிரே அடிப்பது, அதைத் தேர்ந்தெடுத்த காரணத்தையே அழிப்பதாகும்.

தோலுக்கும் கேடு உண்டு. மணமூட்டிய சரம் பிடரியில் மணிக்கணக்கில் உரசுகிறது. லினலூல் போன்றவை காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடையும்போது ஒவ்வாமையைத் தூண்டும் பொருள்களாக மாறுகின்றன. வாசனையால் வரும் ஒவ்வாமை ஒருமுறை பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் தொடரும். உடலில் பூசுவதற்கென்று தயாரிக்கப்படாத அறை ஸ்பிரேயைத் தலையில் சூடும் சரத்தில் அடிப்பது அதனால்தான் ஆபத்து. பூஜை அறையில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: பெரும்பாலான ஸ்பிரேக்களில் ஆல்கஹால் உண்டு. எரியும் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் தொங்கும் பிளாஸ்டிக் மாலையில் அதை அடிப்பது தீயை அழைப்பதுதான்.

நுண்ணுறைத் தொழில்நுட்பம் மணம் பறப்பதைத் தாமதப்படுத்துகிறது என்பது உண்மை. அந்த உறைகளே பெரும்பாலும் நுண்பிளாஸ்டிக் என்பதும் உண்மை. வேண்டுமென்றே சேர்க்கப்படும் நுண்பிளாஸ்டிக்குக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, வாசனை உறைகளுக்கு 2029 வரை அவகாசம் தந்து, அதன்பின் அவையும் மாற வேண்டும் என்றது. மட்காத பூவின் மேல் மட்காத உறையில் வைத்த மணத்தை முன்னேற்றம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

பூ விவசாயியின் நிலையையும் சொல்லியாக வேண்டும். நிலக்கோட்டையிலும் சத்தியமங்கலத்திலும் பூ விலை சரியும்போது கைகொடுப்பவை சென்ட் ஆலைகள். ஒரு கிலோ மெழுகுத் தைலம் எடுக்கவே நூற்றுக்கணக்கான கிலோ பூ வேண்டும். அதிலிருந்து பிரிக்கும் தூய தைலம் இன்னும் குறைவு. விலையோ பல மடங்கு. எனவே மலிவான 'மல்லிகை' ஸ்பிரேயில் இருப்பது விவசாயியின் மல்லிகை அல்ல. அவருடைய பூவின் பெயர் மட்டுமே அதில் இருக்கிறது. மணமில்லை என்ற ஒரு குறைதான் இதுவரை பிளாஸ்டிக் சரத்தைச் சற்றுத் தள்ளி நிறுத்தியிருந்தது. அதையும் நீக்கிவிட்டால், விடியும் முன் மொட்டுப் பறிப்பவருக்கும் முழக்கணக்கில் கட்டி விற்கும் பெண்ணுக்கும் போட்டி கடுமையாகும். பிளாஸ்டிக் பூவைத் தடைசெய்யக் கோரி மகாராஷ்டிர மலர் விவசாயிகள் மும்பை உயர் நீதிமன்றம் வரை போனது இந்த வலியால்தான்.

நிலைக்கும் பொருளுக்கு நிலைக்கும் மணம்

நல்ல வழி நம்மிடமே இருக்கிறது. வெட்டிவேர் மாலையைப் பாருங்கள். அது பூவே அல்ல. வேரைக் கட்டி மாலையாக்கியது. மாதங்கள் கழித்துத் தண்ணீர் தெளித்தாலும் மணம் எழும். காரணம், வேரிலும் சந்தனத்தின் வைரத்திலும் உள்ள மணப்பொருள்கள் கனமானவை. மெல்ல மெல்ல ஆவியாகின்றன. பறந்து போய்ப் பூச்சியை அழைப்பது பூமணத்தின் வேலை. பொருளுக்குள்ளேயே தங்கியிருப்பது வேர்மணத்தின் இயல்பு. நீண்ட நாள் நிற்கும் அலங்காரத்துக்கு எது பொருந்தும் என்பதை நம் மாலை கட்டுபவர்கள் வேதியியல் படிக்காமலே கண்டுபிடித்துவிட்டார்கள். சந்தனச் சீவல் மாலையும் இதே வகைதான். கடையில் விற்கும் பல மாலைகள் வேறு மரச்சீவலில் சென்ட் தெளித்தவை என்பதால், அதில் ஏமாறாமல் வாங்க வேண்டும்.

நெட்டியும் இருக்கிறது. நீர்நிலைகளில் வளரும் செடியின் வெண்மையான, பஞ்சுபோன்ற தண்டு அது. தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. டெல்டா மாவட்டங்களில் மாட்டுப் பொங்கலுக்கு நெட்டி மாலை கட்டுவது பழைய வழக்கம். வங்காளத்திலும் தாய்லாந்திலும் இதே தண்டைச் சீவிப் பூவாக்கி, பஞ்சுத் திரி வழியே தைலத்தை உறிஞ்சி மெதுவாக மணம் விடும்படி செய்கிறார்கள். பிளாஸ்டிக் இதழின் மேல் மணம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நெட்டி அதை உள்ளே வாங்கிக்கொள்கிறது. திரியை எடுத்துவிட்டால் புது மணம் வருவது அடங்கிவிடும். பயன் முடிந்தால் பூவே மட்கிப் போகும்.

ஆகவே என் தீர்ப்பு முழு மறுப்பு அல்ல. மேடைக்கும் வெளிநாட்டு வீட்டுக்கும் துணிச்சரம் தேவைப்படும்போது, சரத்தில் ஸ்பிரே அடிப்பதைவிட, ஒத்துக்கொள்ளும் அத்தரை உடையில் ஒரு துளி வைப்பது மேல். மருத்துவமனை, பள்ளி, குளிர்சாதன அலுவலகம் போன்ற பொது அறைகளில் செயற்கைப் பூவுக்கு மணம் ஊட்டுவதை நிறுத்த வேண்டும். அங்கே இருப்பவர்களால் எழுந்து வெளியே போக முடியாது. மணமூட்டிய பூக்களை விற்பவர்கள் என்னென்ன சேர்த்தார்கள் என்பதைத் தாளில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். தஞ்சையின் நெட்டிக் கைவினையும் கடலூர்ப் பக்கத்து வெட்டிவேரும் ஒரே வண்டியில் வந்துவிடும் தூரத்தில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து ஒரு நல்ல மணப்பூவை உருவாக்கக் கைவினை வளர்ச்சிக்குப் பொறுப்பானவர்கள் முன்வந்தால், பிளாஸ்டிக் மல்லிகைக்குக் கொடுக்கும் காசு கைவினைஞருக்கும் வேர் விளைவிப்பவருக்கும் போய்ச் சேரும். மல்லிகையின் மணம் வேண்டும் என்று தோன்றும் நாளில், ஒரு முழம் மல்லிகையையே வாங்குவோம்.