செத்தவர்கள் கணக்கும் நெபுலாவின் உடம்பும்

காமிக்ஸ் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், "ஏன், வேற வேலை இல்லையா?" என்றார். அவர் நாவல் எழுதுகிறவர். தீவிர இலக்கியத்துக்கு ஒரு கூடை, வெகுஜனக் குப்பைக்கு ஒரு கூடை என்று கைவசம் எப்போதும் இரண்டு வைத்திருப்பார். அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸ் குப்பைதான் என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் குப்பைக்கும் ஒரு கதைசொல்லும் ஒழுங்கு இருக்கிறது. யாருடைய சாவைச் சொல்லலாம், யாருடைய சாவை எண்ணிக்கையாகக் காட்டினால் போதும் என்பதை அந்த ஒழுங்குதான் தீர்மானிக்கிறது. எனக்கு அக்கறை அதில்தான்.

நான் எடுத்துக்கொள்ளும் பிரதி 'இன்ஃபினிட்டி காண்ட்லெட்'. மார்வெல் நிறுவனம் 1991இல் ஆறு இதழ்களாக வெளியிட்டது. எழுதியவர் ஜிம் ஸ்டார்லின். வரைந்தவர் ஜார்ஜ் பெரெஸ். நாலாவது இதழின் நடுவில் அவர் விலகிக்கொள்ள மீதியை ரான் லிம் வரைந்தார். இந்த மாதிரிக் கதைக்கு அவர்கள் ஊரில் கிராஸ்ஓவர் என்று பெயர். தனித்தனி மாதப் பத்திரிகைகளில் பிழைப்பு ஓட்டிக்கொண்டிருக்கும் நாயகர்களை ஒரே ஆபத்தின் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது, கதையின் கிளைகளை அந்தந்தப் பத்திரிகைக்குள்ளும் நீட்டிவிடுவது, ஒன்றை வாங்கியவனை மற்றதையும் வாங்க வைப்பது. 1984-85இல் வந்த மார்வெலின் 'சீக்ரெட் வார்ஸ்' மேட்டல் கம்பெனியின் பொம்மைகளோடு சேர்ந்தே கடைக்கு வந்தது. வியாபாரம் என்பதில் ஒளிவுமறைவே கிடையாது.

கதை இதுதான். தானோஸ் என்பவன் ஆன்மா, மனம், ஆற்றல், வெளி, காலம், யதார்த்தம் ஆகிய ஆறுக்கும் உரிய ஆறு மணிகளைச் சேர்த்துக் கையுறையில் பதித்து மாட்டிக்கொள்கிறான். அவன் காதலிப்பது மரணத்தை. மரணம் இங்கே ஒரு பெண், அவனிடம் வாய் திறக்காத பெண். அவள் மனசைக் கவர்வதற்காக விரலைச் சொடுக்குகிறான். பிரபஞ்சத்தில் பாதி உயிர்கள் இல்லாமல் போகின்றன. முதல் இதழ் முடிந்தது.

மிச்சமுள்ள ஐந்து இதழ்களும் செத்தவர்கள் திரும்பி வருவதற்காக எழுதப்பட்டவை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய வாசக ஞானம் தேவையில்லை. நாலாவது இதழில் கேப்டன் அமெரிக்கா சாகிறான். அவன் பெயரில் வரும் பத்திரிகை நிற்கவில்லை. கடையில் ஒரு தட்டில் பிணமாகவும் பக்கத்துத் தட்டில் உயிரோடும் கிடக்கிறான். ஆக, 'அடுத்து என்ன ஆகும்?' என்ற கேள்வி இந்த வகைக் கதையில் செத்துப்போய்விடுகிறது. அதன் இடத்தில் வாசகன் கேட்பது வேறு கேள்வி: எப்படி ஒண்ணுமே ஆகாமல் போகும்?

உம்பர்ட்டோ எக்கோ 1962இல் சூப்பர்மேனைப் பற்றி எழுதிய கட்டுரை இங்கே உதவும், ஓரளவுக்கு. தொன்ம நாயகனின் கதை ஏற்கெனவே நடந்து முடிந்தது. நாவலின் நாயகனுக்கு இனிமேல்தான் நடக்க வேண்டும். சூப்பர்மேன் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன். அவன் ஒரு காரியத்தைச் செய்து முடித்தால் அந்த அளவுக்கு வயசாகிறான், சாவை நோக்கி ஓரடி வைக்கிறான். விற்கிற சரக்கு அப்படித் தீர்ந்துபோகலாமா? எனவே ஒவ்வொரு கதையும் முந்தின கதை நடக்காததுபோல, கனவில் போலத் தொடங்குகிறது என்றார் எக்கோ. ஆனால் 1961க்குப் பிறகு மார்வெல் வேறு வழியில் போனது. அதன் நாயகர்கள் ஒரே நியூயார்க்கில் வசித்தார்கள், ஒருவர் கதையில் மற்றவர் வந்துபோனார்கள், போன மாதம் வாங்கிய அடி இந்த மாதமும் வலித்தது. கட்டத்தின் மூலையில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, இது இன்ன பத்திரிகையில் இன்ன இதழில் நடந்தது என்று ஆசிரியர் அடிக்குறிப்பு எழுதுவார். எக்கோ சொன்ன கனவுக்குள் நாட்குறிப்பு புகுந்துவிட்டது. பிறகு, சேர்ந்துபோன காலத்தை என்ன செய்வது?

பெருக்கித் தள்ள வேண்டியதுதான். போட்டிக் கம்பெனியான டிசி 1985-86இல் பன்னிரண்டு இதழ்களில் வெளியிட்ட 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' வெளிப்படையாகவே அப்படியொரு பெருக்கல். அரை நூற்றாண்டில் குவிந்துபோன பல பூமிகளை அழித்து ஒன்றாக்கினார்கள். எழுதியவர் மார்வ் வுல்ஃப்மன், வரைந்தவர் இதே பெரெஸ். அதில் செத்த ஃபிளாஷ், பேரி ஆலன், 2008இல் திரும்பி வந்தான். இருபத்து மூன்று வருஷம் செத்துக்கிடந்தது இந்தத் தொழிலில் ஒரு சாதனை!

இது அமெரிக்கர்களின் புராணம், பிரளயம் வந்து மறுபடி சிருஷ்டி நடப்பதுபோலத்தான் இதுவும் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. அபிமன்யு திரும்பி வருவதில்லை. அவனைப் பெற்றவளும் கட்டியவளும் அழுது தீர்க்க வேண்டியிருக்கிறது. ஜெயித்தவர்களும் அந்த இழவோடுதான் ஆட்சி செய்கிறார்கள். கூத்தில் இன்று செத்தவன் அடுத்த ஊரில் எழுந்து ஆடலாம். ஆனால் கதைக்குள் அந்தச் சாவை யாரும் ரத்து செய்வதில்லை. கிராஸ்ஓவர் செய்வது அந்த ரத்தைத்தான். துக்கம் கொண்டாடுவதற்கு முன்பே பிணத்தை எழுப்பி வேலைக்கு அனுப்பிவிடுகிறது.

சாவைச் சொல்லும் விதத்தைப் பார்ப்போம். முதல் இதழில் பாதிப் பிரபஞ்சம் சாவதற்கு ஒரு சொடுக்கு போதும். நாலாவது இதழில் நாயகர்கள் தானோஸை எதிர்த்துப் போய்ச் சாகிறார்கள். இங்கே கதையாடலின் நடை மாறிவிடுகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, அளவெடுத்துத் தைத்த சாவு. வோல்வரினின் உலோக எலும்புகள் ரப்பராகின்றன. கண்ணால் சுடும் சைக்ளாப்ஸின் தலையைச் சுற்றிக் கட்டி எழுப்பி மூச்சை அடைக்கிறான். தோர் கண்ணாடியாகி நொறுங்குகிறான். அவரவர் வலிமை எதுவோ அதன் வழியே அவரவர் முடிவு. கடைசியில் கேப்டன் அமெரிக்கா தனியாக நிற்கிறான், கேடயம் உடைகிறது, ஒரே அடி. பக்கத்துக்குப் பக்கம் மௌனமும் பேச்சும் அளந்து வைக்கப்பட்டிருக்கின்றன. நன்றாகவே இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பெரெஸ் கூட்டம் வரைவதில் மன்னன், எத்தனை பேர் வந்தாலும் எவன் முகமும் எவன் முகத்தோடும் சேராது. ஆனால் அந்த முகம் சொந்தப் பத்திரிகை உள்ளவர்களுக்குத்தான் அதிகமும் கிடைக்கிறது. பத்திரிகை இல்லாதவனுக்கு எண்ணிக்கை.

இன்னொன்றும் உண்டு. இந்த நாயகர்களைச் சாகக் கூட்டிவந்தவன் ஆடம் வார்லாக். அவர்கள் ஜெயிப்பார்கள் என்று அவன் நம்பவே இல்லை. அவர்கள் மேல் தானோஸின் கவனம் இருக்கும்போது சில்வர் சர்ஃபர் பறந்து வந்து கையுறையைப் பறிக்க வேண்டும், அதுதான் திட்டம். சர்ஃபர் தவறவிடுகிறான். செத்தவர்களுக்குத் தாங்கள் தூண்டிலில் கோத்த புழு என்பது தெரியாது. நல்லவர்கள் தரப்பிலும் ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறான் என்பதை ஸ்டார்லின் மறைக்கவில்லை.

1991 என்ற வருஷத்தை நான் மறந்துவிட்டுப் படிக்க முடியவில்லை. அந்த ஜனவரியிலும் பிப்ரவரியிலும் வளைகுடாப் போர். தொலைவிலிருந்து பொத்தானை அழுத்திய சாவுகள் தொலைக்காட்சியில் பச்சை ஒளிப்புள்ளிகளாக வந்தன. செத்த ஈராக்கியர்கள் எத்தனை பேர் என்று கேட்டபோது, அந்த எண்ணிக்கையில் தனக்குப் பெரிய ஆர்வமில்லை என்றார் அமெரிக்க முப்படைகளின் தலைவராக இருந்த காலின் பவல். ஸ்டார்லின் அந்தப் போரை மனதில் வைத்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. தானோஸை அவர் உருவாக்கியது 1973இல். சொல்ல வருவது, பார்க்கும் பழக்கத்தைப் பற்றி. சொந்தச் சிப்பாய் செத்தால் பெயர், ஊர், அம்மாவின் முகம். எதிர்ப்பக்கம் செத்தால் தோராயம். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த வாசகனுக்கு முதல் இதழும் நாலாவது இதழும் இரண்டு விதமாக எழுதப்பட்டிருப்பது உறுத்தாது. எண்ணிக்கைக்கான சண்டை நமக்கும் தெரியாததல்ல என்பதால் நமக்கு உறுத்துகிறது.

இப்போது நெபுலா. தானோஸின் பேத்தி என்று சொல்லிக்கொண்டு திரிந்த கொள்ளைக்காரி. அந்த உரிமை கொண்டாடலுக்காக அவளைச் சாகவும் விடாமல் வாழவும் விடாமல் எரிந்த சதையும் திறந்த வாயுமாக நிறுத்தி வைத்திருக்கிறான் தானோஸ். மரணத்துக்கு அவன் காட்டும் காதல் பரிசு அது. கதை நெடுக அவள் அவன் பக்கத்தில், கட்டத்தின் ஓரத்தில் நிற்கிறாள். நாயகர்கள் வருகிறார்கள், கடவுளர்க்கு நிகரான அண்ட சக்திகள் வருகிறார்கள், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில்தான் அவள் இருக்கிறாள். எவனும் அவளை மீட்க வந்தவனில்லை. வாசகனும் அப்படித்தான். முதல் தடவை படித்தபோது நான் அவளை அலங்காரம் என்றே கடந்துபோனேன். சித்திரவதைக்குள்ளான ஒரு பெண்ணுடம்பு வில்லனின் அறையில் ஒரு சாமான். இந்தக் கதைகளின் மரபே அதுதானே. மரணத்துக்குப் பேச்சில்லை. அவள் தன்னைப் புறக்கணித்ததும் தானோஸ் தனக்கென்றே ஒரு துணைவியை, டெராக்ஸியாவை, செய்துகொள்கிறான். நெபுலாவுக்கு வாய் இருந்தும் குரலில்லை.

ஐந்தாவது இதழில் தானோஸ் அண்ட சக்திகளையெல்லாம் தோற்கடித்து, பிரபஞ்சமே தானாகி, உடம்பைக் கீழே விட்டுவிடுகிறான். கையுறை அந்த உடம்பில் இருக்கிறது. பக்கத்தில் நெபுலா. கழற்றி மாட்டிக்கொள்கிறாள். நாயகர்களால் முடியாததை அந்தச் சாமான் செய்து முடிக்கிறது.

அடுத்து நடப்பதுதான் இந்தப் பிரதியில் எனக்கு முக்கியம். பாதிப் பிரபஞ்சத்தைக் கொன்றவனிடமிருந்து ஆயுதம் பறிபோயிற்று. நல்லவர்கள் என்ன செய்கிறார்கள்? தானோஸோடு சேர்ந்துகொள்கிறார்கள். நெபுலாவிடமிருந்து கையுறையைப் பிடுங்குவதற்கு அவன் யோசனையும் தேவைப்படுகிறது. கடந்த 24 மணி நேரத்தை இல்லாமல் ஆக்கும்படி அவளைத் தூண்டி ஏமாற்றுகிறார்கள். ஏமாந்து அவள் அதைச் செய்கிறாள். செத்தவர்கள் எல்லாரும் எழுகிறார்கள், தாங்கள் செத்ததே தெரியாமல். கோடானுகோடிப் பேருக்கு உயிர் கொடுத்தது அவள் கைதான். அதற்காக ஒருத்தரும் அவளுக்கு நன்றி சொல்வதாகக் காணோம். அவளிடம் அதிகாரம் இருப்பது ஆபத்து, அவள் பைத்தியம், பொறுப்பில்லாதவள் என்று கதை சொல்கிறது. இருக்கலாம். பிரபஞ்சத்தை ஆளத் தகுதி வேண்டும் என்ற கேள்வி ஏன் அவள் முறை வரும்போது மட்டும் இத்தனை அவசரமாக எழுகிறது? கையுறை கடைசியில் வார்லாக்கிடம் போகிறது. அந்தக் கணக்குப்பிள்ளையிடம்.

ஸ்டார்லினை வெறும் மரபுக் கொத்தடிமை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. எல்லாம் வல்லவனை எப்படித் தோற்கடிப்பது என்பது இந்த வகைக் கதையின் நிரந்தரத் தலைவலி. வில்லனே ஓட்டை வைக்க வேண்டும். தானோஸ் ஒவ்வொரு தடவையும் தோல்விக்கான வழியைத் தானே திறந்து வைக்கிறான், உள்ளுக்குள் அவன் தன்னைத் தகுதியில்லாதவனாகவே நினைக்கிறான் என்று வார்லாக்கை அவன் முகத்துக்கு நேரே சொல்ல வைக்கிறார் ஸ்டார்லின். மரபின் ஓட்டையையே பாத்திரத்தின் மனக்காயமாக மாற்றிவிட்டார், கெட்டிக்காரத்தனம்தான். இதே மனிதர் 1982இல் 'தி டெத் ஆஃப் கேப்டன் மார்வெல்' எழுதியவர். அதில் நாயகன் புற்றுநோயில் படுத்து, நண்பர்கள் சுற்றி நிற்கச் சாகிறான். சண்டையில்லை, சதியில்லை. ஒரு ஆள், ஒரு கட்டில். ஒரு சாவை ரத்து செய்யாமல் விட இவருக்குத் தெரியும். ஆனால் அது தனிப் புத்தகம். கிராஸ்ஓவரில் அத்தனை பத்திரிகைகளின் சொத்தும் மாட்டிக்கொண்டிருக்கிறது. சொத்து என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். தானோஸ், கமோரா, டிராக்ஸ் மூவருக்காகவும் சேர்த்துக் கிடைத்த பணத்தைவிட, போட்டிக் கம்பெனிப் படத்தில் வந்த தன்னுடைய ஒரு சின்னப் பாத்திரத்துக்கு அதிகம் கிடைத்தது என்று 2017இல் ஸ்டார்லினே பகிரங்கமாகச் சொன்னார்.

2018இலும் 2019இலும் இந்தக் கதை இரண்டு படங்களாக வந்து உலகம் முழுக்க ஓடியது. காதலை எடுத்துவிட்டு ஜனத்தொகையைப் போட்டார்கள். தானோஸ் மால்தூஸின் சீடனானான். ஏழைகள் அதிகமாகிவிட்டார்கள் என்று மேல்தட்டு காலங்காலமாய்ச் சொல்லிவரும் பேச்சை ஒரு வில்லனின் தத்துவமாக மரியாதையோடு கேட்க வைத்தார்கள். இடையில் போன ஐந்து வருஷத்தை ரத்து செய்யாமல் விட்டது ஒன்றைத்தான் முன்னேற்றம் என்பேன். படத்தில் நெபுலாவுக்கு நல்லவள் வேஷம் கிடைத்தது. கையுறை கிடைக்கவில்லை.

ஆறாவது இதழின் கடைசிப் பக்கங்களில் தானோஸ் யாருக்கும் தெரியாத ஒரு கிரகத்தில் குடிசை போட்டு விவசாயம் பார்க்கிறான். போர் உடுப்பைச் சோளக்கொல்லை பொம்மைக்கு மாட்டியிருக்கிறான். மனநிறைவோடு உட்கார்ந்திருக்கும் ஒரு விவசாயியாக அவனை வரைந்திருக்கிறார்கள். அவன் உயிரோடு இருப்பது வார்லாக்குக்குத் தெரியும், விட்டுவிடுகிறான். நெபுலாவைக் கைதியாகப் பிடித்துக் கொண்டுபோய்விட்டார்கள். அவளுக்குக் கடைசிப் பக்கம் இல்லை.