ராணிப்பேட்டையும் தேசிங்கு மரபும்: வழிமுறை ஆராய்ச்சியில் பாட்டும் பதிவும்

முன்னோர் யாவர் என வினவுதல் தமிழ் இலக்கியத்திற்குப் புதிதன்று. கம்பர் தம் காப்பியத்துள் குலமுறை கிளத்து படலம் என ஒரு படலமே அமைத்தார். சயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் இராச பாரம்பரியம் பாடினார். இவற்றிற்கு முற்பட்ட மரபினைப் பதிற்றுப்பத்தின் பதிகங்கள் காட்டுகின்றன. அவை சேரவேந்தனின் தந்தையைச் சொல்வதோடு அமையாது, தாயையும் சுட்டுகின்றன. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனை ஈன்றாள் நல்லினி என்பதை நாம் அறிவது பதிகத்தால்தான். ஆயினும், வேறு பதிகங்களில் வரும் ‘பதுமன் தேவி’ என்னும் தொடர் பதுமனின் மனைவியைக் குறிக்குமோ, பதுமன் மகளாகிய தேவியைக் குறிக்குமோ என்னும் ஐயம் எழுந்தது. நாவலர் சோமசுந்தர பாரதியார் சேரர் தாயமுறை பற்றி எழுப்பிய வினா இத்தகைய தொடர்களையே அடிப்படையாகக் கொண்டது. ஒரு வேற்றுமைப் பொருள் மாறின் ஓர் அரசமரபே மாறிவிடும். ஆகவே, வழிமுறை தேடுதல் வரலாற்றார்க்கு மட்டும் உரிய தொழிலன்று. சொல்லாராய்ச்சி செய்வார்க்கும் உரியதேயாம்.

இக்கருத்தை ஓர் ஊரையும் ஒரு கதைப்பாடலையும் கொண்டு ஈண்டு ஆராய்வாம். ஊர், பாலாற்றின் வடகரையில் ஆர்க்காட்டிற்கு எதிரே அமைந்த ராணிப்பேட்டை. தோல் பதனிடும் தொழிலால் இன்று அறியப்படும் இவ்வூர் 2019-ஆம் ஆண்டு முதல் ஒரு மாவட்டத்தின் தலைநகர். பாடல், தேசிங்குராசன் கதை. இவ்விரண்டையும் இணைப்பவள் தேசிங்கின் மனைவி. அவள் கணவனோடு தீப்புகுந்தமை கேட்டு நெகிழ்ந்த ஆர்க்காட்டு நவாபு, அவள் நினைவாக இவ்வூரை எழுப்பினான் என்பது வழிவழி வரும் செய்தி.

முதற்கண் பதிவுகள் கூறுவதைக் காண்பாம். முகலாயப் படை மராட்டியரிடமிருந்து செஞ்சியை 1698-இல் கைப்பற்றியது. 1700-இல் ஔரங்கசீப்பின் ஆணையால் புந்தேலா இராசபுத்திரனாகிய சொரூப்சிங் அக்கோட்டைக்குத் தலைவனாக அமர்த்தப்பட்டான். அவன் மறைந்த செய்தியறிந்து புந்தேல்கண்டத்திலிருந்து வந்த மகனே தேஜ்சிங். தமிழர் நாவில் அப்பெயர் தேசிங்கு ஆயிற்று. நவாபு சாதத்துல்லாகான் செலுத்தப்படாத தொகையைக் கேட்டான். தந்தை பெற்ற ஆணையைப் புதிய பாதுஷா புதுப்பித்தாலன்றி அது மகனுக்குச் செல்லாது என்றான். தேசிங்கு இணங்கவில்லை. 1714 அக்டோபர் 3-ஆம் நாள் நிகழ்ந்த போரில் அவன் வீழ்ந்தான். அப்போது அவனுக்கு வயது 22 என்பர்.

இவற்றை நாம் அறியத் துணைசெய்வன பாரசீக வரலாறுகள், தேவனாம்பட்டணத்து ஆங்கிலேயர் சொரூப்சிங்கோடு பூசலிட்ட காலத்து எழுதிய குறிப்புகள், தமிழில் நாராயணன் என்பார் எழுதிய கர்நாடக ராசாக்கள் சவிஸ்தார சரித்திரம் ஆகியன. இறுதியிற் கூறிய நூல் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெக்லியாடு என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் வேண்டுகோளால் எழுந்தது. நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ 90 ஆண்டு பிற்பட்டது. இவையனைத்தையும் ஒருங்கு வைத்து ஆய்ந்தவர் சி. எஸ். சீனிவாசாச்சாரியார். செஞ்சி பற்றிய அவர் நூல் 1943-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது.

இனிப் பாடலை நோக்குவாம். அடங்காக் குதிரையைத் தில்லியில் அடக்கிச் சிறைப்பட்ட தந்தையை மீட்கும் மைந்தன், உயிர்த்தோழனாகிய மோவுத்துக்காரன், திரைமறைவில் நிற்கும் இளமனைவியிடம் விடைபெறுதல் என இது விரிகின்றது. வரிப்பாக்கியின் கணக்கும் ஆணை புதுப்பித்தலும் பாடற்குப் பொருளல்ல. பதிவின்படி செஞ்சி ஒரு பதவி. பாதுஷா அளித்தது, பாதுஷா மீட்கத்தக்கது. பாடலின்படி அது தந்தைவழி வந்த அரசு. இம்மாற்றத்தைப் பாணரின் அறியாமை எனத் தள்ளிவிடுதல் நேரிதன்று. தேசிங்கும் நவாபும் பொருத காரணமே இதுவன்றோ? தந்தை பெற்றது மகனுக்கு உரியதா என்பதே போரின் வினா. நவாபின் விடை பதிவேட்டில் நின்றது. தேசிங்கின் விடை பாட்டில் நின்றது. பாடல் உண்மையைத் திரித்தது என்பதினும், தோற்றவன் வழக்கைக் காத்து வைத்தது என்பதே பொருந்தும்.

ஆயினும் பாடலை முழுதும் நம்புதலும் ஆகாது. தேசிங்கின் மனைவி பெயர் ராணிபாய் என வழங்குகின்றது. ‘ராணி’ அரசியைக் குறிக்கும் சொல். ‘பாய்’ வடபுலத்து மகளிர் பெயரோடு மதிப்புக் கருதிச் சேர்ப்பது. இரண்டையும் நீக்கின் எஞ்சும் இயற்பெயர் யாது? ஒன்றும் இல்லை. பெயர்போலத் தோன்றும் இது பெயரின்மையை மறைக்கும் போர்வையோ என ஐயுறுதற்கு இடமுண்டு. படைச்செலவையும் பாக்கித்தொகையையும் எழுதுவார்க்கு அவள் பெயர் வேண்டப்படவில்லை. ஊர்ப்பெயரும் அவள் நிலையைச் சொல்கின்றதேயன்றி அவளைச் சொல்லவில்லை. நினைவிடங்களும் இரண்டாக நிற்கின்றன. செஞ்சியில் செட்டிகுளக்கரையை அவள் தீப்புகுந்த இடமாகக் காட்டுவர். பாலாற்றங்கரையிலும் அரசன் அரசி நினைவுமண்டபங்கள் எனச் சிலவற்றைக் காட்டுவர். நல்லினியின் பெயரைப் பேணிய மொழியில், நாடறிந்த இவ்வரசியின் பெயர் இல்லாதொழிந்தது.

பதிவு என்றவுடன் ஐயம் நீங்கிவிடும் என்பாரும் ஈண்டு நின்று எண்ணுதல் வேண்டும். ராணிப்பேட்டையைச் சாதத்துல்லாகான் 1771-ஆம் ஆண்டளவில் நிறுவினான் என்னும் குறிப்பு நூலுக்கு நூல் பெயர்த்தெழுதப்பட்டு வருகின்றது. சாதத்துல்லாகான் 1732-இல் இறந்தவன். இறந்து 39 ஆண்டு கழித்து எவனும் ஊர் எழுப்பான். 1717 என்பதன் எண்கள் இடம் மாறினவோ எனக் கருதலாம். எனினும் அது நம் ஊகமே. உறுதியாகக் கூறத்தக்கது ஒன்றே: இவ்வூரை அவன் எழுப்பினான் என்னும் செய்தி மெய்யாயின், அது 1714-க்கும் 1732-க்கும் இடைப்பட்ட காலத்தது. அச்சேறிய ஆண்டும் ஏட்டுப்பிழைபோல் ஆராயப்படுதல் வேண்டும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

அடுத்து, தொலையுறவினர் தரும் சான்று. வடார்க்காட்டிலும் செஞ்சிப் பக்கத்திலும் பொந்தில் எனப்படும் குழுவினர் வாழ்கின்றனர். இச்சொல் புந்தேல்கண்டம் என்பதன் வழிவந்தது என்பர். சிங் என்னும் பட்டத்தை அவர்கள் பெயரோடு வழங்குவர். இச்சொல் வடபுலத்துப் படைமாந்தர் இப்பக்கத்திற் குடியேறிய வரலாற்றுக்கு நற்சான்று. ஆனால், குழுவின் வரவு வேறு. குடும்பத்தின் வழி வேறு. பொந்தில் என்னும் பெயர் ஒருவன் முன்னோர் எத்திசையிலிருந்து வந்தனர் என்று சொல்லும். தேசிங்கு அவனுக்குப் பாட்டன் என்று சொல்லாது. இடைப்பட்ட தலைமுறைகளைப் பெயர் பெயராக நிறுவினாலன்றி அவ்வுறவு நிலைபெறாது. புகழ்பெற்ற ஒருவனை முன்னோனாகக் கொள்ளும் ஆசை, காணாத கண்ணிகளைத் தானே சமைத்துக்கொள்ளும் இயல்பினது.

அரசர்க்கு இந்நிலையாயின், ஏனையோர்க்கு யாது? இம்மண்ணிலிருந்து சென்ற எளியோர் வரலாறு எதிர்பாராத விடையொன்று தருகின்றது. 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து தென்னாப்பிரிக்க நேட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்றோர் 152,184 பேர். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘துரூரோ’ என்னும் கப்பல் அவர்களுள் முதற்குழுவை 1860 நவம்பர் 16-இல் டர்பனிற் சேர்த்தது. வடார்க்காட்டினரும் இவ்வாறு சென்றோருள் உளர். கப்பற் பட்டியலில் ஒவ்வொருவர்க்கும் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, சில்லா, தாணா, ஊர், உடல் அடையாளம் ஆகியன எழுதப்பட்டன. பெண்டிரும் தத்தம் பெயராலேயே பதியப்பெற்றனர். கரும்புத் தோட்டத்திற்குச் சென்ற கூலிப்பெண்ணின் பெயர் கிடைக்கின்றது. ஊருக்குத் தன் பட்டத்தை அளித்த அரசியின் பெயர் கிடைக்கவில்லை. இது பதிவு செய்தாரின் அன்பால் விளைந்ததன்று. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் எவரும் தப்பிப் போகாமைப் பொருட்டே உடலின் தழும்பும் எழுதப்பட்டது. எனினும், பிடித்துவைக்க எழுதிய பட்டியலே இன்று பேரர்க்கு வழிகாட்டுகின்றது.

அப்பட்டியலையும் உரையின்றிப் படித்தல் அரிது. தமிழ்ப்பெயரை ஆங்கில எழுத்தர் தம் செவிக்குப் பட்டவாறு எழுதினர். ஒரே ஊர் பல வடிவிற் காணப்படும். வடார்க்காடு என்றிருப்பின் அதனை இன்றைய எல்லைகொண்டு நோக்கலாகாது. 1911-இல் சித்தூர் மாவட்டம் அமையும்வரை சித்தூரும் வடார்க்காட்டைச் சேர்ந்ததே. ஆகவே தேடும் ஊர் இன்று ஆந்திரத்திலும் இருத்தல் கூடும். முதலி, கவுண்டர் முதலிய பட்டங்கள் அங்கு மூட்லி, கவெண்டர் எனக் குடும்பப்பெயராய் இறுகிவிட்டன. பட்டம் ஒன்றாதல் பற்றி இருவரை உறவினர் எனல் பிழையாம். உள்ளூரில் நிலப்பதிவேடு பார்ப்போர்க்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. பட்டா நிலமுடையார் பெயரையே தாங்கும். நிலமின்றித் தோல் பதனிட்டும் கூலி செய்தும் வாழ்ந்தோர் அதிற் காணப்படார். அவர்கள் வழியைத் தேவாலயத் திருமுழுக்கேடுகளிலும், பிறந்தகம் புக்ககம் அறிந்த முதிய பெண்டிர் நினைவிலுமே தேடுதல் வேண்டும். கொண்டான் கொடுத்தான் முறையை நிலப்பதிவேடு எழுதுவதில்லை. அத்தை வீடு எது, எவ்வூரிலிருந்து பெண்ணெடுத்தனர் என்பதை அவர்களே அறிவர்.

மேற்கூறியவற்றால் பெறப்படுவன சில. பதிவேடு தன்னை எழுதுவித்தான் தேவைக்கு ஏற்பவே பேசும். பாட்டும் உறவினர் நினைவும் இழந்தார் தேவைக்கு ஏற்பப் பேசும். ஒன்றன் குறையை மற்றொன்றால் திருத்துதல் ஆராய்ச்சி. இரண்டும் வாய்மூடிய இடத்தில் நம் விருப்பத்தைப் பேசவிடுதல் ஆராய்ச்சியன்று. வழிமுறை எழுதுவோர் அறியாத பெயருக்கு வெற்றிடம் விடக் கூசுதல் வேண்டா. ராணிப்பேட்டை என்னும் பெயரை ஒவ்வொரு முறை எழுதும்போதும் நாம் அத்தகைய ஒரு வெற்றிடத்தையே எழுதுகின்றோம். அவளது இயற்பெயர் என்றேனும் ஓர் ஓலையிலோ கடிதத்திலோ கிடைத்தல் கூடும். அதுவரை அவ்விடத்தைப் பொய்ப்பெயரால் நிரப்பாது காத்தலே அவளுக்கு நாம் செய்யும் நன்றியாகும்.