கருவிச் செய்திகளும் நன்னூல் காட்டும் குற்றங்களும்

திறனாய்வு என்றவுடன் சிறுகதை, நாவல், கவிதை ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. நம் கருத்தரங்குகள் எடைபோடுவனவும் பெரும்பாலும் இவையே. ஆயின், ஒரு தமிழ்க் குடும்பம் வாரம் முழுவதும் படிக்கும் உரைநடையை ஒருசேரத் திரட்டி நோக்கினால், அதில் கதையும் கவிதையும் சிறுபங்கே என்பது புலனாகும். எஞ்சிய பெரும்பங்கு செய்தியாகும். அச்செய்தியுள்ளும் அண்மைக் காலத்தில் தனக்கென ஓர் இடம் பிடித்துக்கொண்டிருப்பது, சந்தைக்குப் புதிதாக வரும் கைப்பேசி, மடிக்கணினி, கைக்கடிகாரம், தொலைக்காட்சி முதலியவற்றைப் பற்றி வாரந்தோறும் எழுதப்படும் குறிப்பாகும். இவ்வகை எழுத்தைக் 'கருவிச் செய்தி' எனப் பெயரிட்டு, அதனைத் தமிழ் உரைநடையின் ஒரு வகையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கெல்லாம் திறனாய்வு வேண்டுமா எனச் சிலர் வினவக்கூடும். கதையைப் பிழைபடப் படித்தவன் அதன் சுவையை இழப்பான்; கருவிச் செய்தியைப் பிழைபடப் படித்தவனோ தன் சம்பளத்தை இழப்பான். நெகிரி செம்பிலானின் தென்பகுதியில், மலாக்கா எல்லையை ஒட்டி அமைந்துள்ள தம்பின் வட்டாரத்தை எண்ணிப் பார்ப்போம். ரப்பரும் பின்னர்ச் செம்பனையும் தந்த வருவாயில் வாழ்ந்த தோட்டப்புறக் குடும்பங்கள் நிறைந்த நிலம் அது. 2025ஆம் ஆண்டில் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. ஐயாயிரம் வெள்ளி விலையிட்ட கைப்பேசி ஒன்று, அச்சம்பளம் பெறுவோரின் ஏறத்தாழ மூன்று மாத உழைப்புக்கு ஒப்பாகும். மூன்று மாத உழைப்பைக் கேட்கும் உரைநடையைச் சொல்சொல்லாக ஆராய்வது தமிழாசிரியரின் கடமையன்றி வேறு யாருடைய கடமை?

அறிவியலைத் தமிழில் எழுதும் மரபு நமக்குப் புதியதன்று. வழக்கறிஞராக விளங்கிய பெ.நா. அப்புசாமி அரை நூற்றாண்டுக்கும் மேலாக அறிவியற் கட்டுரைகளை எளிய தமிழில் எழுதினார். கோவையிலிருந்து வெளிவந்த 'கலைக்கதிர்' இதழ் அத்துறையில் பெருந்தொண்டு புரிந்தது. பொறியாளராகப் பணியாற்றிய எழுத்தாளர் சுஜாதா, 'ஏன்? எதற்கு? எப்படி?' என்னும் தலைப்பில் வாசகர்களின் ஐயங்களுக்கு விடையளித்தார். அத்தலைப்பில் உள்ள மூன்று வினாச்சொற்களும் பொருளின் இயல்பை நாடுபவை. இன்றைய கருவிச் செய்தியோ 'என்று வரும்? என்ன விலை?' என்னும் இரண்டு வினாக்களோடு அமைதியடைந்துவிடுகின்றது. முன்னையோர் எழுத்து விளக்கியது, பின்னையது அறிவிக்கின்றது. வேறுபாடு இங்குத்தான் தொடங்குகின்றது.

இவ்வெழுத்தை அளக்க மேனாட்டார் அளவுகோலைத் தேடி அலைய வேண்டியதில்லை. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில், ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தினையும் அமைய வேண்டிய அழகுகள் பத்தினையும் வகுத்துக் கூறியுள்ளார். தேர்வுக்காக மாணவர்கள் மனனம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் அப்பட்டியல், கருவிச் செய்தியைப் படிப்பதற்குக் கூர்மையான கருவியாகப் பயன்படுவதைக் காணலாம்.

முதற்கண், மிகைபடக் கூறல். "உலகையே வியக்கவைக்கும் இப்புதிய கைப்பேசியின் மின்கலம் இரண்டு நாள்வரை நீடிக்கும் என எதிர்பார்க்கப்படுகின்றது" என்னும் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். இது நாம் மாதிரிக்காக அமைத்துக்கொண்டதே ஆயினும், இதன் உடன்பிறப்புகளை எந்த வாரத்திலும் காணலாம். 'உலகையே' என்பதிலுள்ள ஏகாரமும் 'வியக்கவைக்கும்' என்னும் எச்சமும் மிகை என்பது வெளிப்படை. மறைவாக நின்று வேலை செய்வது 'வரை' என்னும் சிறுசொல்லாகும். 'இரண்டு நாள் நீடிக்கும்' என்பது உறுதிமொழி. 'இரண்டு நாள்வரை நீடிக்கும்' என்பதோ மேல் எல்லையை மட்டும் சுட்டுவது. அரை நாள் நீடித்தாலும் அவ்வாக்கியம் பொய்யாகாது. வாசகர் நெஞ்சில் 'இரண்டு நாள்' தங்க, 'வரை' உதிர்ந்துவிடுகின்றது.

அவ்வெல்லை எங்கே அளக்கப்பட்டது என்பதும் கருதத்தக்கது. இத்தகைய அளவுகள் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தின் கட்டுப்பாடான சூழலில் எடுக்கப்படுபவை. கோபுரத்திற்குத் தொலைவில், 'லைன்' தேய்ந்து காட்டும் செம்பனைத் தோட்டத்தில், கைப்பேசி தன் அலைபரப்பும் ஆற்றலை உயர்த்திக்கொண்டு கோபுரத்தை எட்ட முயல்கின்றது. அதனால் மின்கலம் விரைவாக வற்றுகின்றது. மேலும், இக்காலக் கைப்பேசிகளில் உள்ள லித்தியம்-அயனி மின்கலம், சில நூறு முறை மின்னேற்றப்பட்டபின் தன் கொள்ளளவில் ஒரு பகுதியை இழந்துவிடும். ஆகவே, கோலாலம்பூர்க் கடையில் உண்மையாக விளங்கும் 'இரண்டு நாள்', தம்பின் தோட்டத்து லயத்தில் ஒரு நாளாகக் குறுகவும் கூடும். 'வரை' என்னும் சொல்லுக்குள் இத்தனையும் அடங்கிக் கிடக்கின்றன.

அடுத்து, மயங்க வைத்தல். மேற்காட்டிய வாக்கியத்தின் பயனிலை 'எதிர்பார்க்கப்படுகின்றது' என்பதாகும். எதிர்பார்ப்பவர் யார்? செயப்பாட்டு வினையில் வினைமுதலை விட்டுவிடலாம் என்பது மொழி தரும் சலுகை. அச்சலுகையைக் கருவிச் செய்தி தன் புகலிடமாக்கிக்கொண்டது. 'கூறப்படுகின்றது', 'கருதப்படுகின்றது', 'சொல்லப்படுகின்றது' எனவரும் இடங்களிலெல்லாம் வினைமுதலைத் தேடிச் செல்லுங்கள். பல இடங்களில் அங்கு நிற்பவர், அக்கருவியை விற்கும் நிறுவனமே ஆவார். செய்வினையாக மாற்றிப் பாருங்கள்: "தன் மின்கலம் இரண்டு நாள்வரை நீடிக்கும் என விற்பனையாளர் கூறுகின்றார்." செய்தி விளம்பரமாக மாறிவிட்டதன்றோ! வகுப்பறையில் செய்வினை, செயப்பாட்டுவினை மாற்றத்தை மதிப்பெண்ணுக்காகச் செய்விக்கின்றோம். அம்மாற்றம் ஒரு வீட்டின் பணத்தையும் காக்க வல்லது என்பதை மாணவர் அறிந்தால், இலக்கணப் பாடத்திற்கு வேறோர் உயிர் உண்டாகும்.

மூன்றாவது, குன்றக் கூறல். சொல்லியதைக் காட்டிலும் சொல்லாமல் விட்டதே கருவிச் செய்தியில் பெரிது. 128 ஜிகாபைட்டு நினைவகம் எனக் கூறும் செய்தி, அதில் ஒரு பகுதியை இயங்குதளமே எடுத்துக்கொள்ளும் எனக் கூறுவதில்லை. 'தொடக்க விலை' எனக் குறிப்பது, படத்தில் காட்டப்பட்ட உயர்வகையின் விலையன்று. எத்தனை ஆண்டுகளுக்கு மென்பொருள் மேம்பாடு கிடைக்கும், மின்கலத்தை மாற்ற என்ன செலவாகும் என்பன ஒரு வரியில் கூறத்தக்கவை; ஆயினும் பெரும்பாலும் காணோம். நம் நாட்டுக் கடைகளில் 'ஏ.பி. செட்' எனப்படும் வெளிவழி இறக்குமதிக் கைப்பேசிகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றிற்கு உற்பத்தியாளரின் மலேசிய உத்தரவாதம் பொதுவாகக் கிடைப்பதில்லை. விலையை மட்டும் கூறி இவ்வேறுபாட்டைக் கூறாத செய்தி, வாசகரைப் பாதி வழியில் இறக்கிவிட்டுச் செல்லும் பேருந்தைப் போன்றது.

நான்காவது, சென்று தேய்ந்து இறுதல். ஓங்கித் தொடங்கிப் போகப்போக மெலிந்து மறைவதே இக்குற்றம். தனியொரு செய்தியில் இது தோன்றாமற் போகலாம். வாரங்களை அடுக்கிப் படிக்கும்போதுதான் வெளிப்படும். 2016ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சாம்சங் நிறுவனத்தின் 'கேலக்சி நோட் 7' பெரும் பாராட்டுடன் விற்பனைக்கு வந்தது. மின்கலம் தீப்பற்றிய நிகழ்வுகளால் செப்டம்பர் 2ஆம் நாள் அதனைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் அறிவித்தது. மாற்றித் தரப்பட்டவையும் தீப்பற்றவே, அக்டோபரில் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. தொடக்கத்தில் வந்த பாராட்டுரைகளை எழுதியோர் பொய்யர் அல்லர். ஒரு வாரப் பழக்கத்தில் அறியக்கூடியதை மட்டுமே அறிந்தோர்.

இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. 2023ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் ஹியூமேன் நிறுவனம், சட்டையில் பொருத்திக்கொள்ளும் 'ஏஐ பின்' என்னும் சிறுகருவியை அறிமுகப்படுத்தியது. கைப்பேசிக்கு மாற்று எனப் பேசப்பட்ட அதன் விலை 699 டாலர். அதற்குமேல் மாதம் 24 டாலர் சந்தா. 2024 ஏப்ரலில் வாங்கியோர் கைக்கு வந்தது. 2025 பிப்ரவரி 28ஆம் நாள் அதன் சேவையகங்கள் நிறுத்தப்பட்டன. கருவியின் முதன்மைப் பணிகள் யாவும் அடங்கின. தோன்றிய செய்தி முழக்கமாக வரும். மறைந்த செய்தி மூலையில் வரும். முழக்கத்தை மட்டும் படித்தவருக்கு இத்துறை முழுவதும் வெற்றி ஊர்வலமாகவே தோன்றும்.

ஐந்தாவதாகிய நின்று பயனின்மையே தோட்டப்புற வாசகரை மிகவும் பாதிப்பது எனலாம். ஒருவருக்கு எது செய்தி என்பதை அவர் வாழும் இடமும் நிலையும் முடிவு செய்கின்றன. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தபின், நம் பிள்ளைகளின் பள்ளி கைப்பேசித் திரைக்குள் குடியேறியது. இல்லிருப்புக் கற்றலுக்குத் தேவைப்பட்டது மடங்கும் திரையன்று. தடையில்லா அலைத்தொடர்பும், அக்கா, தம்பி இருவருக்கும் ஆளுக்கொரு கருவியுமே ஆகும். அதே ஆண்டில் சபாவைச் சேர்ந்த மாணவி ஒருவர், அலைத்தொடர்பு நாடி மரத்தின்மீது ஏறி அமர்ந்து தேர்வெழுதியது நாடறிந்த செய்தி. 2021ஆம் ஆண்டின் இறுதியில் நம் நாட்டில் மூன்றாம் தலைமுறைச் சேவை, அதாவது 3ஜி, மூடப்பட்டது. நான்காம் தலைமுறை வசதியில்லாத பழைய கைப்பேசியை வைத்திருந்தோருக்கு இணையம் நடைமுறையில் கைவிட்டுப் போயிற்று. அழைப்பும் குறுஞ்செய்தியும் எஞ்சின. பழைய கருவியோடு வாழும் ஒரு மூதாட்டிக்கு, அவ்வாண்டில் வெளிவந்த எல்லாப் புதிய கைப்பேசிகளையும்விட இவ்வொரு செய்தியே பெரிது. புதுவரவுகளுக்குப் பக்கம் ஒதுக்கும் எழுத்தாளர், முதலில் எழுத வேண்டுவது இதனையே.

அவ்வாறே, வாங்கிய கருவி பழுதானால் எங்குச் செல்வது என்பதும் கருவிச் செய்தியே. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில், ஐந்து வெள்ளி கட்டணம் செலுத்தி, வழக்கறிஞர் இன்றியே 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைப் பதிவு செய்யலாம். இங்கு வரும் 'வரை', சட்டம் வகுத்த நேர்மையான 'வரை' ஆகும்! பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் இத்தகைய விழிப்புணர்வைத் தமிழிலும் பரப்பியது. 'பயனீட்டாளர்' என்னும் சொல்லே, வாங்குவோன் வெறும் வாடிக்கையாளன் அல்லன்; பயனை ஈட்ட உரிமையுள்ளவன் என உணர்த்துவதைக் காண்க.

குற்றங்களை மட்டும் கூறி விடுவது நடுநிலையாகாது. கருவிச் செய்தி எழுதும் தமிழ் எழுத்தாளரின் நிலையையும் எண்ண வேண்டும். அவர் கையில் கருவி இருப்பதில்லை. ஆங்கிலத்தில் வந்த அறிக்கையே இருக்கின்றது. இடமும் குறைவு, நேரமும் குறைவு. இந்நெருக்கடியிலும் 'கைப்பேசி', 'திறன்பேசி', 'மடிக்கணினி', 'இணையம்', 'முகநூல்', 'புலனம்' முதலிய சொற்களை மக்கள் நாவில் பழக்கியதில் செய்தியாளர்க்குப் பெரும்பங்கு உண்டு. அகராதியில் உறங்கும் கலைச்சொல்லைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தவர்களை மொழி வரலாறு மறக்கலாகாது. குறை, சொல்லில் இல்லை, வாக்கியத்தில் உள்ளது.

மேலும், நாம் கருவிகளை வாங்கும் சமுதாயமாக மட்டும் இருந்துவிடவில்லை. நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1980களிலேயே 'முரசு' மென்பொருளை உருவாக்கிக் கணினியில் தமிழை எழுதச் செய்தார். அவருடைய 'செல்லினம்' 2005ஆம் ஆண்டுப் பொங்கலன்று வெளியாகி, கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்பும் வழியைத் திறந்தது. 2013ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தின் கைப்பேசி இயங்குதளத்திலேயே தமிழ் விசைப்பலகை இடம்பெற்றது. புதுக் கைப்பேசி ஒன்றைப் பற்றி எழுதும் தமிழ்ச் செய்தியில், "இதில் தமிழ் எழுத்து பிழையின்றித் தெரிகின்றதா? தமிழில் பேசினால் புரிந்துகொள்கின்றதா?" என்னும் வினாக்கள் இடம்பெற வேண்டாமா? ஆங்கில அறிக்கையில் இவ்வினாக்கள் இரா. தமிழ் எழுத்தாளர்தான் எழுப்ப வேண்டும். எழுப்பினால், மொழிபெயர்ப்பாக இருந்த செய்தி நம் செய்தியாகிவிடும்.

ஆசிரியப் பெருமக்கள் இதனை வகுப்பில் எளிதாகச் செய்து பார்க்கலாம். கருவிச் செய்தி ஒன்றைக் கத்தரித்து மாணவரிடம் கொடுங்கள். அடைகளை நீக்கி எழுதச் சொல்லுங்கள். செயப்பாட்டு வினைகளைச் செய்வினையாக மாற்றச் சொல்லுங்கள். 'வரை', 'முதல்' என்னும் சொற்களின்கீழ்க் கோடிடச் சொல்லுங்கள். கூறாமல் விட்டவை எவை எனப் பட்டியலிடச் சொல்லுங்கள். பின்னர் அத்தாளைப் பத்திரப்படுத்தி, ஆறு திங்கள் கழித்து மீண்டும் விரித்து, சொல்லியவற்றுள் எவை நின்றன, எவை தேய்ந்தன என ஆராயச் சொல்லுங்கள். எஞ்சிய சில வரிகளே உண்மைச் செய்தியாகும். வாரத்தின் இரைச்சலிலிருந்து பொருளைப் பிரித்தெடுக்கும் வழியும் அதுவே.

நன்னூல் குற்றங்களோடு நிற்கவில்லை; விளங்க வைத்தலையும் விழுமியது பயத்தலையும் அழகுகளாகக் கூறியுள்ளது. இவ்விரண்டும் கருவிச் செய்திக்கு எட்டாதவை அல்ல. தம்பின் தோட்டத்துத் தாய் ஒருத்தி, தன் மகளின் படிப்புக்கு எக்கருவி போதும், எது வேண்டாம் என்று ஒரு தமிழ்ச் செய்தியைப் படித்துத் தெளியும் நாளில், நம் உரைநடை தன் கடமையைச் செய்ததாகும். அந்நாளை விரைவில் கொணர்வது, எழுதுவோரின் நேர்மையோடு, படிக்கக் கற்பிப்போரின் கூர்மையையும் சார்ந்தது.